மூன்று பிரதி

பக்கத்துக்கு நாற்பது காசு.
நகலுக்குப் பத்து.
குடியாத்தம் தாலுகா ஆபீஸ் வேலிக்கு வெளியே
புங்க மரத்தடியில் என் டைப்ரைட்டர்.
பட்டா, பாகப்பிரிவினை, கருணை மனு,
மிசா என்பதை எல்லோரும் மெல்லச் சொன்ன
அந்த வருஷம் மட்டும்
பாட்டு.

மூன்று பிரதி கேட்டார்கள்.
ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று வேலூருக்கு,
ஒன்று முத்திரை குத்தித் திருப்பித் தர.
முத்திரை இல்லாத வரியை
மேடையில் முணுமுணுத்தாலும் உள்ளே.

மார்கபந்து சொல்லச் சொல்ல நான் தட்டுவேன்.
பீடி சுற்றிக் காய்த்த விரலால்
என் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே சொல்வான்.
என் மிஷினில் 'ழ' ஒட்டிக்கொள்ளும்.
நகத்தால் விடுவித்து விடுவித்துத்தான்
உழைப்பு என்று அடிக்க முடியும்,
ஒவ்வொரு தடவையும்.

திரும்பி வந்த தாளில் சிவப்பு மசி.
'பசி' போயிருந்தது. 'கூலி' போயிருந்தது.
'ராணி தூங்கு' போயிருந்தது.
அது மகளுக்கு அவன் கட்டிய தாலாட்டு;
அவர்களுக்கு வேறு யாரோ ஞாபகம் வந்திருக்கிறது.
'இருட்டு' மேல் கோடு இழுத்து
ஓரத்தில் ஒருவர், முத்து முத்தான கையெழுத்தில்:
'மாலை நேரம்' என மாற்றலாம்.

மாற்றினோம்.
"மாலை நேரத்துல இட்டுக்கினு போனாங்க எங்கண்ணன"
என்று தஸ்தகீர் டோலக்கை நிறுத்திப் பாடிப் பார்த்தான்.
சிரித்துச் சிரித்துக் கெங்கம்மாவுக்குப் புரையேறியது.
அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.
தறித்தெருவில்
மாலை நேரம் என்று யாராவது சொன்னால்
கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த தடவை
'மாலை நேரம்' மேலும் சிவப்புக் கோடு.
மாற்றுச் சொல் இல்லை.
எழுதியவருக்கே தோன்றவில்லை போல.

நடுப்பேட்டையில், தறி நின்ற ஒரு ஞாயிறு,
முத்திரை விழுந்த ஐந்து பாட்டையும்
அட்சரம் பிசகாமல் பாடினார்கள்.
கோடு போட்ட இடம் வந்தால்
மார்கபந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வான்,
அவ்வளவுதான்.
நாலாம் பாட்டில் பதினோரு தடவை துடைத்தான்.
அந்தத் துண்டைத்தான் முதலில் பறிமுதல் செய்தார்கள்.

"தொரப்பாடிக்கு இட்டுக்கினு போயிட்டாங்க"
என்று தஸ்தகீர் வந்து சொன்னபோது
நான் ஒரு பாகப்பிரிவினையில் பாதியில் இருந்தேன்.
முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஏட்டு வந்து டிராயரை இழுத்தார்.
என்னென்ன அடிச்சுக் கொடுத்தே?
"அடிக்கிறவன் படிக்கிறதில்லைங்க."
நம்பினார்.
கார்பன் தாளைத் தூக்கிப் பார்த்தார்,
விரலில் ஏறிய கரியைப்
புங்க மரத்தில் துடைத்துவிட்டுப் போனார்.

மற்றவர்களுக்கு ஒரு கார்பன் பத்துத் தடவை வரும்.
எனக்கு முப்பது.
வெயிலுக்கு நேரே பிடித்தால்
சர்வே எண்ணுக்கும் நான்கெல்லைக்கும் நடுவே
பசி தெரியும், கூலி தெரியும்,
மாலை நேரத்துக்கு அடியில்
இருட்டு.

கெங்கம்மா வந்தது ஆடி மாசம்.
புருஷனைப் பார்க்க அனுமதி கேட்டு மனு,
மூன்று பிரதி.
அதே கார்பனைத்தான் செருகினேன்.
ஓரிடத்தில் உழைப்பு வந்தது.
'ழ' ஒட்டியது.
அவளே குனிந்து நகத்தால் எடுத்துவிட்டாள்.

காசு வாங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.
வாங்கினேன்.
அறுபது காசு.