மேற்படி

இரணியல் சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரில்
இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
கிரயம், ஒற்றி, விடுதலை, தானம்.
அதனால்தான் குளச்சலுக்குக் கூப்பிட்டார்கள்,
பழைய ஐஸ் பிளாண்டில் வரப்போகும்
கடல்தொழில் அருங்காட்சியகத்துக்கு.
ஒரு வெளிநாட்டு அரசாங்கம் இரண்டு கோடி தருகிறது.
“தானப் பத்திரந்தானே, பாத்துச் சொல்லும்” என்றார்
கமிட்டித் தலைவர் ததேயுஸ்.

தானப் பத்திரம் என்றால் இரண்டு பக்கம்.
இது நாற்பத்தொன்று.

கொடுத்தவர் பெயர் வாசலுக்கு மேல்,
பித்தளையில், ஆறு அங்குல உயரம்,
இருபத்தைந்து வருடம்.
அதைவிடப் பெரிதாக வேறெந்தப் பெயரும் கூடாது,
ஊர்ப் பெயர் உட்பட.
கொடி வெளிறினால் மாற்றும் செலவு நம்முடையது.

உப்புக்காற்றில் பித்தளை தாங்காது என்றேன்.
தூதரகத்துப் பெண் உடனே எஃகு என்று திருத்தினாள்.
இரண்டு மட்டிப்பழம் தின்றுவிட்டுத்
தோலை எங்கே போடுவதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தாள்.
அவளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

பிறகு வந்தது பிரிவு ஒன்பது, உட்பிரிவு ஆ.
காட்சிப்பொருள் எண் பதினான்கு:
வள்ளத்தின் அணியப் பலகை, முறிந்தது, நாலடி.
கீழே எழுத வேண்டியது:
‘அடையாளம் தெரியாத கப்பல் மோதியதில்.’

மின்விசிறி மட்டும் சுற்றியது.
பலகையில் அப்பியிருக்கும் பச்சைப் பெயிண்ட்
எந்தக் கொடிக் கப்பலுடையது என்று
கோர்ட்டில் தீர்ந்து ஒன்பது வருடம்.

பிரகாசியாள் இரண்டு பிரிவையும் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.
கேட்டுவிட்டு,
“பேரு வாசல்ல வேணும்,
பலகைக்க கீழ வேண்டாம்.
அப்படியாக்கும், இல்லியா?”
மொழிபெயர்ப்பாளர் அதை நெடுநேரம் யோசித்துச்
சுருக்கமாகச் சொன்னார்.

என் தொழிலில் ஒரு விதி உண்டு.
ஒரே ஆள் ஒரு பக்கத்தில் ஒரு பெயரிலும்
மறுபக்கத்தில் பெயரில்லாமலும் இருந்தால்
பதிவாளர் பத்திரத்தைத் திருப்பி வீசுவார்.
திரும்பத் திரும்ப எழுதக் கூச்சமென்றால்
அதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம்.
‘மேற்படி நாட்டுக் கப்பல் மோதியதில்’
என்று எழுதிக் காட்டினேன்.

வாசலில் நிமிர்ந்து பார்த்தவனுக்கு
உள்ளே விளங்கிவிடும்.
பார்க்காதவனுக்கு அது வெறும் சொல்.

தூதரகத்துப் பெண் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள்.
‘ஏற்கெனவே சொல்லப்பட்டது’ என்றார் மொழிபெயர்ப்பாளர்.
அவள் தாளை வெகுநேரம் பார்த்தாள்.
அவளுக்குப் புரிந்துவிட்டது.
தலைநகரத்தில் கேட்க வேண்டும் என்றாள்.

“அவருக்க பேரு எத்தன அங்குலம்?”
பிரகாசியாள் என்னிடம் தனியாகக் கேட்டாள்.
அரை, என்றேன்.
“அது மதி. ஆனா அதுல மேற்படி போடாதேயும்.
செறுபுஷ்பம்மாள் மகன் சூசைநாயகம்,
முழுசா எழுதும்.”

நாலு மாதம் ஆகிறது, பதில் வரவில்லை.
எழுத்துகளுக்காக வாசல் சுவரில் துளைகள் போட்டாயிற்று.
சாரல் உள்ளே இறங்குகிறதென்று
ததேயுஸ் அவற்றில் காகிதம் சுருட்டித் திணித்திருக்கிறார்.
ஒன்றை உருவிப் பார்த்தேன்.
பழைய வரைவு. பக்கம் முப்பத்தெட்டு,
‘தரப்பினரின் நல்லெண்ணம்’ என்ற தலைப்பு.
திரும்பவும் திணித்து வைத்தேன்,
மழை வரும் போலிருந்தது.