சுண்டுவிரலுக்கு இடமில்லை

துலூத்தில் பிப்ரவரி.
நேற்றைய பனிமேல் இன்றைய பனி.
நொடித்துப்போன பௌலிங் கூடத்தைத்தான்
சுடுதளமாக்கியிருக்கிறார்கள்.
முன்பு வாடகைக் காலணி கொடுத்த மேசையில்
இப்போது காதடைப்பான் கொடுக்கிறார்கள்.

படிவத்தில் எழுதினேன்:
பெயர், வெர்னா கிவெலா.
தொழில், பூட்டு திறப்பவள்.
"யாருடைய பூட்டு?" என்றான்
மேசைக்குப் பின்னால் நின்ற சூ வாங், சிரிக்காமல்.
"கூப்பிடுகிறவர்களுடையது."
அது பாதி உண்மை என்று
ஜனவரியிலிருந்து எனக்குத் தெரியும்.

பெட்டிக்குள் அது
சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
ஸ்லைடை இழுத்து, அறை காலியா என்று
கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை.
உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்த முகங்கள்:
சுருள்வில், ஊசி, கொண்டி,
ஒன்று விலகினால்தான் இன்னொன்று நகரும் என்ற கண்டிப்பு.
பூட்டாக இருந்தால்
செய்தவன் கையைக் குலுக்கியிருப்பேன்.

பிடிதான் குட்டை.
இரண்டு விரல் உட்கார்ந்ததும் முடிந்துவிட்டது.
சுண்டுவிரல்
பந்தியில் இலை கிடைக்காதவன் மாதிரி
அந்தரத்தில் நின்றது.

ஏழு கஜத்தில்
முகமில்லாத ஒரு காகித ஆள்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள்.
இங்கே சிறுக்கச் சிறுக்கக் காரம் ஏறுகிறது.
உதைத்ததில் மணிக்கட்டு வானம் பார்த்தது.
சுடச்சுட ஒரு தோட்டாக்கூடு
சட்டைக் காலருக்குள் விழுந்து
கழுத்தெலும்பில் முத்திரை வைத்தது.
ஆறு தோட்டா.
ஆறும் காகித ஆளின் இடது தொடைக்குக் கீழே.

"குறி முள் சரியில்லை" என்றேன்.
சூ வாங் மறுக்கவில்லை.
மேகசினை வாங்கி, முதுகைக் காட்டி நின்று
நிரப்பிக் கொடுத்தான்.
"இதில் சிலது போலி. எத்தனையாவது என்று சொல்ல மாட்டேன்."

ஒன்று, வெடித்தது.
இரண்டு, வெடித்தது.
மூன்றாவது
டிக்
என்றது, அவ்வளவுதான்.
வெடிக்காத துப்பாக்கியின் மூக்கு
தானாகத் தரையைப் பார்த்துக் குனிந்தது.

ஒவ்வொரு முறையும் இதைத்தான் செய்திருக்கிறேன்.
சத்தம் மறைத்துக்கொண்டிருந்தது.

ஜனவரி பதினொன்று. இரவு. மைனஸ் இருபது.
சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன் என்றான்.
ஓட்டுநர் உரிமத்தில் அதே தெரு, அதே எண்.
பூட்டு புதியது. கவனித்தேன்.
ஊசி நுழைக்கும்போது
கை ஒரு கணம் தாழ்ந்தது; குளிர் என்று நினைத்தேன்.
நாற்பது நொடி.
மாடிப்படியில் ஒரு பெண்,
கையில் தரை துடைக்கும் கட்டை.
அவனை அவள் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.

மீதியை நீதிமன்றத்தில் சொல்லிவிட்டேன்.
இங்கே வேண்டாம்.

என் வேனின் பக்கவாட்டில்
ஆள் நீளத்துக்கு எழுதியிருக்கிறது தொலைபேசி எண்.
பிணையில் வந்த அன்றே அழைத்தான்.
பேசவில்லை.
மூச்சு மட்டும்,
பின்னால் எங்கோ ஒரு விளம்பரம்
மெத்தை விற்றுக்கொண்டிருந்தது.

"இன்னொன்று நிரப்பட்டுமா?"
"நிரப்பு."

பக்கத்துத் தடத்தில் யாருக்கோ பிறந்தநாள்;
காதடைப்பானைத் தாண்டியும் கைதட்டல் கேட்டது.
டிக். மூக்கு குனிந்தது.
டிக். கொஞ்சம் குனிந்தது.
ஐந்தாவது மேகசினில்
டிக்.
முனை அசையவில்லை.
வரைந்து வைத்த மாதிரி நின்றது கை.

"அருமை" என்றான் சூ வாங்.

அருமைதானா என்று தெரியவில்லை.
அன்றிரவு அந்தக் கை
இன்னும் கொஞ்சம் நடுங்கியிருக்கலாம்.
ஊசி கீழே விழுந்திருக்கலாம்.
பனியில் அதைத் தேடவே
விடிந்திருக்கும்.

கையுறை மாட்டும்போது பார்த்தேன்:
நான்கு விரலும் வெடிமருந்துக் கருப்பு,
சுண்டுவிரல் மட்டும் வெள்ளை.
பிடியை நீட்ட ஒரு துண்டு இருக்கிறது,
பதினெட்டு டாலர், மாட்டினால் அதுவும் உட்கார்ந்துவிடும் என்றான்.

வாங்கவில்லை.