ஏறு புள்ள

கல்லடியில் தொடங்கினால்
காத்தான்குடிப் பேரீச்ச மரங்கள் வரைக்கும்
கால் என்னுடையது.
தாழங்குடாவுக்குப் பிறகு
யாரோ இரவல் தந்தது.

குருக்கள்மடத்தில் கிறுகி வரும்போது
கல்முனை பஸ் பின்னால் வந்து மெதுவாகும்.
"ஏறு புள்ள, சீற் இருக்கு."
ஞாயிறு தவறாமல் அதே கொண்டக்டர்.
பஸ்ஸைத் தவறவிட்டவள் என்று நினைப்பு.
மரதன் என்றேன் ஒருமுறை.
"சம்பளம் தருவாங்களா?"

நேற்றுக் கிரான்குளத்தில்
கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது.
சப்பாத்தைக் கழற்றி மதகில் குந்தினேன்,
உதட்டில் உப்பு,
கையில் ஒரு சதமில்லை,
காதெல்லாம் அந்த ஹோர்னுக்கு.

வந்தது.
மெதுவாகவில்லை.
மிதிபலகையில் தொங்கியபடி
ட்ரைவருக்குக் கத்தினான்,
பஸ் முழுக்கக் கேட்கும்படி, பெருமையாய்:
"விடுங்கண்ணே, அவ ஏறமாட்டா! மரதன்!"

இன்னும் பத்துக் கிலோமீற்றர்.