இன்ட்டு

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
எங்கள் பாட்டும் நிற்கும்.
கூட்ஸ் வண்டியின் சத்தத்தோடு போட்டி போட
எங்களிடம் ஆம்ப் இல்லை.
தேசப்பன் கிடாரைத் தொடையில் கவிழ்த்துக்கொண்டு
பெட்டிகளை எண்ணுவான். ஐம்பத்தெட்டு.
அவன் வேலை செய்கிற லேத் பட்டறை அது,
ஞாயிறு மட்டும் எங்களுக்கு.
நான் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும்
டிரம்மின் தோல்மேல் இரும்புத்தூள் துள்ளும்.

மீன்பெட்டிக்கு நம்பர் போடுகிற மார்க்கரை
அம்மாவின் கூடையிலிருந்து எடுத்து வந்திருந்தேன்.
புறங்கையில் ஆளுக்கொன்று.
வெளிநாட்டில் அதை எக்ஸ் என்பார்களாம்,
ஜபருல்லா போனில் காட்டினான்:
குடிக்க மாட்டோம், இழுக்க மாட்டோம், எதையும் போட மாட்டோம்.
எங்களுக்கு அது இன்ட்டு.
வாய்ப்பாட்டில் பார்த்தது,
அப்புறம் பரீட்சைப் பேப்பர் முழுக்க,
அப்புறம் தண்டவாளத்தோரம்
இடிப்பதற்குக் குறித்த சுவர்களில்.

எபினேசருக்குப் போடும்போது கை நடுங்கியது,
அவன் கை.
மாத்திரையை விட்டு ஒன்பது நாள்.
"அழுத்திப் போடு கிளாடிஸ்,
குளிச்சாலும் போவக் கூடாது."
அடுத்த மாதம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்
துணியை விலக்கிக் காட்டினார்கள்.
மை அப்படியே இருந்தது.

அதற்கு முன்னால் நாங்கள் போட்டது சத்தம்.
அதற்கப்புறம்தான் கத்தினோம்.

மார்ச்சில் ஒருத்தர் வந்தார், வெள்ளை ஷூ.
இரும்புத்தூளில் கால் வைக்க யோசித்தார்.
"செம ரா-வா இருக்கு" என்றார், மூன்று முறை.
ஈ.சி.ஆர். பக்கம் பெரிய மேடை,
ஆளுக்குப் பதினைந்தாயிரம்.
கையில் அந்தக் குறி கட்டாயம்,
கேமராவில் விழுகிற மாதிரி.
யார் சார் நடத்துறது?
"தண்ணி கம்பெனி."
பாட்டிலை எடுத்துக் காட்டினார்.
லேபிளில் ஒரு மான்.

எனக்கு அந்த மானைத் தெரியும்.
தெருமுனைக் கடையில் குவார்ட்டர்மேல் நிற்கிற மான்,
அப்பாவின் சட்டைப் பையிலிருந்து
எட்டிப் பார்க்கிற மான்.
"தண்ணிக்கு எதுக்கு சார் கொம்பு?" என்றான் தேசப்பன்.
அவர் சிரித்தார்.
லேபிளைத் திருப்பி, சட்டப்படி அது
வெறும் தண்ணீர்தான் என்று வாசித்துக் காட்டினார்.

மாட்டோம் என்றது இரண்டு பேர்.
போலாமே என்றான் ஜபருல்லா,
பாட்டு நம்மளோடதுதானே.
எனக்குப் பெருமையாக இருந்தது அன்று.
இப்போது சொல்லக் கூச்சம்:
அவன் வீட்டில் மூன்று மாத வாடகை பாக்கி,
எனக்குத் தெரிந்தே இருந்தது.

நாங்கள் போகவில்லை. குறி போனது.
யாரோ வேறு நாலு பேர் கையில் ஏறி
மேடையில் நின்றது.
மாலில் டீசர்ட்டாகத் தொங்கியது,
ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
ஆடி மாதத்துக்குள் எம்.சி. ரோட்டுக்கு வந்துவிட்டது,
நூற்றிமுப்பது, பேரம் பேசினால் நூறு.
பேரம் பேசி
அம்மா ஒன்று வாங்கி வந்தாள்
அப்பாவுக்கு.

நெஞ்சு நிறைய இன்ட்டு,
பையில் மான்.
சண்டை போடத்தான் வெளியே வந்தேன்.
அம்மா வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தாள்,
அதைக் கூட்டுவது என்றும் சொல்லலாம்,
துடைப்பத்துக்கு இரண்டும் ஒரே கணக்கு.
காலைத் தூக்கு என்றாள். தூக்கினேன்.
கோபம் அதற்குள் எங்கோ இடறிவிட்டது.

"இது உங்க ஆளுங்க சின்னமாமே?" என்றார் அப்பா.
ஆமா.
"இதப் போட்டா குடிக்கக் கூடாதாமே?"
ஆமா.
ரொம்ப நேரம் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம்
கடைக்குப் பத்தடி முன்னால், மின்சாரப் பெட்டி மறைவில்,
டீசர்ட்டைக் கழற்றி
உள்பக்கம் வெளியாகத் திருப்பிப்
போட்டுக்கொண்டு போனார்.
முதுகில் தையலும்
கழுத்தில் விலைச்சீட்டும் தெரிந்தன.

எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்ட்டு இன்ட்டுதான்,
வியர்வையில் லேசாக ஊறித் தெரிந்தது.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.