துணியில்லாத கொடி

திரைச்சீலை மாட்டத்தான் நாற்காலியில் ஏறினேன்.
எதிர்ஜன்னல் லமாரா என் கண்ணில் படக் கூடாது,
அவ்வளவுதான் நோக்கம்.
பாதித் திரை ஏறியது.
நான் இறங்கிவிட்டேன், இடது தோளை முன்னால் விட்டு.

அறுந்த தசைநாரை எலும்போடு சேர்த்து
மூன்று ஆணி அடித்துத் தைத்தோம் என்றார் மருத்துவர்.
திபிலீசி நாடக அரங்குக்கு
நாற்பது வருடம் உடை தைத்தவள் நான்;
ஆணி அடித்துத் தைப்பதை
அன்றுதான் கேள்விப்பட்டேன்.

ஆறு வாரம் தூளியில் கிடந்தது கை,
அழவே அழாத பிள்ளை.
அழுததெல்லாம் நான்,
விடிகாலை மூன்று மணிக்கு
உட்கார்ந்தபடி தூங்கத் தெரியாமல்.

பிறகு மல்காஸ் வந்தான்,
நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கும் பிசியோதெரபிஸ்ட்.
"குனியுங்கள் நானுலி, கையைத் தொங்கவிடுங்கள்.
கிணற்றில் வாளி ஆடுகிறதே, அப்படி."
ஆடியது.
தேநீர் கலக்கும் கரண்டி அளவுக்கு.

சுவரில் விரல்களை நடத்தி ஏற்றச் சொன்னான்.
நின்ற இடத்தில் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி.
முதல் கோடு, விளக்கின் சுவிட்சுக்கு
ஒரு முழம் கீழே.
வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பான்.
மூன்று என்பேன்.
என் முகத்தைப் பார்த்து
ஆறு என்று எழுதிக்கொள்வான்.

கதவின் மேல் மாட்ட ஒரு கப்பி கொண்டுவந்தான்.
சொலொலாக்கியின் பழைய கதவு;
எத்தனையோ பூச்சு ஏறி, மேலே இடுக்கே இல்லை.
"கப்பிதானே வேண்டும்?" என்று ஜன்னலைத் திறந்தேன்.

முற்றத்தின் குறுக்கே
என் ஜன்னலிலிருந்து லமாராவின் ஜன்னல்வரை
ஒரே கயிறு, இரண்டு கப்பி.
திங்களும் வியாழனும் என் துணிக்கு.
செவ்வாயும் சனியும் அவளுடையதற்கு.
ஆறு வருடமாகப் பேச்சில்லை.
கம்பளத்திலிருந்து சொட்டிய தண்ணீர்தான் காரணம் என்பேன்.
அவளைக் கேட்டால் வேறு சொல்வாள்,
அதுதான் சரியாகவும் இருக்கும்.

நல்ல கை கீழ்க்கயிற்றை இழுக்க
தைத்த கை மேல்கயிற்றைப் பிடித்துக்கொண்டு
வெளியே, மேலே, போகும்.
துணியில்லாத கொடி. கிரீச், கிரீச்.
காலை பத்து, மதியம் பத்து, மாலை பத்து.
எழவு விழுந்த வீட்டைப் பார்ப்பதுபோல்
கீழ்வீட்டுப் பூனை அண்ணாந்து பார்க்கும்.
பாதித் திரை வழியே
அவளும் பார்ப்பது தெரிந்தது.

ஒரு புதன்கிழமை கப்பி கத்தவில்லை.
அவள் பக்கத்து அச்சில்
கறுப்பாய், தாராளமாய், மசகு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணிக்கையில் இரண்டு கூட்டினேன்.

வெள்ளிக்கிழமை, எட்டாம் முறை.
வழக்கமாக நிற்கும் இடத்தில் கை நிற்கவில்லை.
அந்தப் பக்கமிருந்து கயிறு இழுபட்டது,
மல்காஸ் அனுமதித்ததற்கு மேல் நாலு விரற்கடை.

"மெதுவாடி, எருமை! தையல் பிரிந்துவிடும்!"

ஆறு வருடத்தில் அவளிடம் என் முதல் வார்த்தை.

"நான் இழுக்கிறேன்," என்றாள் லமாரா.
"நீ வாயை மூடிக்கொண்டு எண்ணு."
வாயை மூடிக்கொண்டு எப்படி எண்ணுவது என்று கேட்டேன்.
அதில் பிடித்த சண்டை இருட்டும்வரை போனது.

இன்று செவ்வாய்.
கயிறு நிறைய அவளுடைய போர்வைகள்.
எடுக்கச் சொன்னால் எடுப்பாள், முனகிக்கொண்டே.
சொல்லவில்லை.
சுவரில் விரல்களை ஏறவிட்டேன்,
பழைய தேதிகளைத் தாண்டி, பல்லைக் கடித்து.
நடுவிரலுக்கு சுவிட்ச் தட்டுப்பட்டது.

பட்டப்பகலில் விளக்கைப் போட்டேன்.
அணைத்தேன்.
மறுபடி போட்டேன்.