உரிமைக்கோரல் பதினான்கு

உவர்மலை, மாடி அறை.
இரவு பதினொன்று நாற்பது.
கம்பனிக்காரர்களுக்கு அங்கே இப்போது பகல்.
மேன்முறையீட்டுக்கு நாளை மறுநாள் கடைசி.

புதிதல்ல என்று தள்ளிவிட்டார் பரிசோதகர்.
கோரல் ஒன்று இதுதான்:
ஆள் வருமுன்பே அவர் பெயரில்
ஒரு கணக்கைத் திறந்து வைத்தல்,
வேறொருவர் தந்த விபரத்தைக் கொண்டு.
ஆள் முதன்முறை வந்து பெயரைச் சொன்னதும்
கணக்கு உயிர்பெறுதல்.

எதிராக இரண்டு ஆவணம் காட்டுகிறார்.
முன்கலை.
நான் எழுதுகிறேன்:
அவ்விரண்டும் ‘வருமுன்’ என்பதைக் கற்பிக்கவில்லை.
மணித்தியாலக் கூலி எனக்கு.
இந்த ஒரு ‘வருமுன்’ மேல்
ஒன்பது மணித்தியாலம் போயிருக்கிறது.

கீழே முற்றத்தில் மான்.
நேற்று நான் எறிந்த வரைவை மென்றபடி நிற்கிறது.
கோரல் மூன்றும் நான்கும் அதன் வாயில்.

பரிசோதகருக்குத் தெரியாத மூன்றாவது ஆவணம் ஒன்று உண்டு.
எண்பது பக்கக் கொப்பி, நீல மட்டை.
மூதூர்ச் சனம் நடந்து வந்த ஆகஸ்டில்
கந்தளாயில் ஒரு பள்ளிக்கூட வாசலில்
பங்கீட்டுக் கிளார்க் நயீமா அதை விரித்தாள்.
கார்பன் தாள் வைத்துக் கொடுத்தது நான்.
வந்தவர்களிடம் அவள் கேட்டது ஒன்றுதான்:
பின்னுக்கு ஆர் ஆர் வாறாங்க?
சொன்ன பெயருக்கெல்லாம் ஒவ்வொரு பக்கம் திறந்தாள்.
அரிசி, பருப்பு, சீனி, பால்மா, பாய் ஒன்று.
ஆள் வந்து பெயரைச் சொன்னதும்
மூலையில் ஒரு சரி.

கோரல் ஒன்று, எழுத்துக்கு எழுத்து.

சட்டத்துக்கு இது காதில் விழாது.
அச்சேறாத கொப்பி. வேறு நாடு.
யாரும் என்னிடம் கேட்கவுமில்லை.

ஒரு மணிக்கு மின்னஞ்சல்:
பதினான்கை எடுத்து ஒன்றோடு சேர்த்துவிடுங்கள்,
அதோடு அவர்கள் விட்டுவிடுவார்கள்.

பதினான்கு:
முப்பது நாளுக்குள் ஆள் வராத கணக்கு
தானாகவே அழிதல்.

தேடிப் பார்த்தேன்.
இரண்டு ஆவணத்திலும் இல்லை.
நீலக் கொப்பியிலும் இல்லை.

பக்கம் முப்பத்தேழு. இஹ்ஸான், வயது பதினொன்று.
தாய் சொல்லி எழுதிய பெயர்.
வராத ஆட்களை வெட்டச் சொல்லிக் கச்சேரியிலிருந்து
இரண்டு முறை கடிதம் வந்தது.
நயீமா வாராவாரம் அவன் பங்கை எழுதினாள்,
எதிரே ‘கொடுபடவில்லை’ என்று எழுதினாள்,
மீதியைக் கூட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோனாள்.
முகாம் மூடிய அன்று அவன் பேரில் நின்றது
எட்டுக் கிலோ நானூறு கிராம் அரிசி.
கூட்டலைச் சரிபார்த்தது நான்.

இப்போது எழுதுகிறேன்:
முன்கலையிலிருந்து இக்கண்டுபிடிப்பு வேறுபடுவது
இந்த ஓர் இடத்தில்தான்.

பொய் ஒன்றும் இல்லை அதில்.
இரண்டு பத்துக்கு அனுப்பிவிட்டேன்.
இறங்கிப் போய்ப் படலையைப் பூட்டினேன்,
மான் உள்ளேயா வெளியேயா என்று பாராமல்.