எடைச் சீட்டு

வினையூக்கி பிறவற்றை மாற்றும், தான் மாறாது.
பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்கு
நானும் அப்படித்தான் எழுதினேன்.

குடிகாடு தாண்டி
உப்பனாற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் சின்ன ஆலை எங்களுடையது.
கச்சா எண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்தால் ஒன்றும் கொட்டாது.
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால்
விளிம்பில் ஒரு கறுப்பு நாக்கு,
இறங்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டு.

அதைக் காய்ச்சி, ஹைட்ரஜன் கூட்டி,
நானூறு டிகிரியில்
உடைந்த ஓமப்பொடி போன்ற குச்சிகளுக்கு நடுவே இறக்குவோம்.
அலுமினா. கொஞ்சம் கோபால்ட், மாலிப்டினம்.
ஒரு கிராம் குச்சியின் உட்சுவர்களைப் பிரித்து விரித்தால்
நாற்பதுக்கு அறுபது மனை ஒன்று தேறும்
(நான் நாலு வருடமாகத் தவணை கட்டுவதும் அந்த அளவுதான்).
அத்தனை சுவரிலும் உரசி
நீண்ட மூலக்கூறு குட்டையாகி வெளியே வரும்.
கந்தகம் அழுகிய முட்டையாய்ப் பிரிந்து
அடுத்த கோபுரத்துக்குப் போகும்.
அறிக்கையில் இதற்குப் பெயர் தர உயர்வு.

பதினோரு மாதம்.
பிறகு எண்ணெய் மறுபடி யோசிக்க ஆரம்பித்தது.

குச்சிகளை அள்ள இருசப்பன் இறங்கினார்,
ஒப்பந்தக்காரரின் ஆள்.
காற்றுப் பட்டால் பழைய குச்சி தானே பற்றிக்கொள்ளும்.
அதனால் உள்ளே முழுக்க நைட்ரஜன்.
அவருடைய காற்று
என் காலடியில் கிடக்கும் நீலக் குழாய் வழியாகப் போனது.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் குறிப்பது என் வேலை.

"கெட்டியா இருக்கு மேடம். கடப்பாரை விடச் சொல்லுங்க."

மூன்று இருபதுக்கு
ரேடியோவில் வெறும் இரைச்சல்.
"இருசப்பன், சத்தம் குடுங்க."
இரைச்சல்.
கயிற்றில் கை வைத்துவிட்டேன்.
ஊசி அசையவில்லை, நானும்.

"தும்மிட்டேன் மேடம்.
கண்ணாடி மறைச்சிடுச்சு, துடைக்க முடியல."

விடியும்போது பீப்பாய்களை ஒவ்வொன்றாய் எடைமேடையில் ஏற்றினோம்.
உள்ளே போனது எட்டாயிரத்து நானூறு கிலோ.
வெளியே வந்தது பதினோராயிரத்து அறுபது.
இரண்டு முறை கூட்டினேன், சரிதான்.
வனேடியம், நிக்கல், கரி:
எண்ணெய் லேசாகிப் போக
இறக்கி வைத்தது எல்லாம்
மனை மனையாய்
அந்தத் துளைகளுக்குள்ளேயே குடியேறியிருந்தது.

கடைசிப் பீப்பாய் இறங்கியதும்
இருசப்பன் தானாக மேடையில் ஏறி நின்றார்.
அறுபத்திரண்டு.
"போன தடவையும் இதே தான் மேடம். ஒரு கிராம் மாறல."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் 62 என்று மட்டும் எழுதினேன்.
சேவையர் கேட்டால்
பீப்பாய் எண் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வாசலில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது.
அவர் ஓடினார்,
கையுறை இரண்டும் பின்பாக்கெட்டில் ஆட.